அக்காவுக்கு வந்த அம்மை

என் அக்காவுக்குப் பெரிய மார்க்கெட்டில் பூ வியாபாரம். எண்பதுகளின் தொடக்கத்தில் ஏதோ தோல் நோய் வந்து, அவள் உடம்பெல்லாம் கொப்புளம் கிளம்பி, உடைந்து புண்ணானது. வாய்க்குள்ளும் புண், கஞ்சிகூட இறங்கவில்லை. அவள் கட்டிய பூவை வாங்க ஆளில்லை.

பெரியாஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். மெல்ல மெல்ல எல்லாம் ஆறியது. மாத்திரையால் முகம் மட்டும் உப்பிப்போனது. "கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிட்டேன் பாரு" என்று சிரித்தாள். மாத்திரையை நிறுத்தாமலே மறுபடி கடை போட்டாள்.

டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்: "இந்த மாத்திரை நோயை எதிர்க்கிற சக்தியக் குறைச்சிடும். காய்ச்சல், அம்மை இருக்கிற வீட்டுக்குப் போவாதீங்க."

அவளுக்குக் குழந்தை இல்லை. என் மகள்தான் உயிர். ஒரு ஞாயிற்றுக்கிழமை குருசுக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவளின் மடியிலேயே பாப்பா தூங்கிப்போனாள். மறுநாள் காலையில் பாப்பாவின் வயிற்றில் நீர்க்கொப்புளங்கள். வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, வரவேண்டாம் என்று அக்காவுக்குச் சொல்லியனுப்பினேன்.

அப்படியும் வந்தாள். தெருவிலேயே நின்றாள். "உள்ள வரலடி. ஜன்னலாண்ட தூக்கிக் காட்டு, போதும்." பாப்பா கம்பிக்கு வெளியே கையை நீட்டியதும் பின்னால் நகர்ந்துகொண்டாள். அழுதுகொண்டே போனாள்.

பாப்பாவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி எல்லாம் முடிந்தது. அதற்கடுத்த வாரம் அக்காவுக்குத் தாங்கமுடியாத வயிற்றுவலி. பிறகு உடம்பு முழுக்கக் கொப்புளம், ரத்தம் கட்டி கருகருவென்று. "ஆத்தா வந்திருக்கா, ஆஸ்பத்திரிக்குத் தூக்காதீங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. என் கணவர் கேட்கவில்லை; ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டார்.

"வீட்ல யாருக்காவது அம்மை இருந்துச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

"எம்பொண்ணுக்கு. ஆனா கொப்புளம் வந்தப்புறம் இவங்க உள்ளயே வரல, சார்."

"கொப்புளம் தெரியறதுக்கு முந்தியே ஒட்டிக்கும்மா."

அந்த ஞாயிற்றுக்கிழமை பாப்பா அவள் மடியில் தூங்கியதைச் சொன்னேன். அதற்குள் அம்மை நுரையீரலில் இறங்கியிருந்தது. பாப்பா ஓடி விளையாடி ஆற்றிக்கொண்ட அதே அம்மை.

நாங்கள் பேசியது அக்காவின் காதில் விழுந்திருக்கிறது. மூச்சு வாங்க வாங்க என் கையைப் பிடித்தாள். "யாரும் பாப்பாவ ஒரு வார்த்த சொல்லக்கூடாது. நீயும் மனசுல வச்சுக்காத." அப்புறம், "முகத்துல தழும்பு விழுந்துச்சா அதுக்கு?" என்றாள்.

"இல்லக்கா."

அன்று சாயங்காலம் போய்விட்டாள்.

"பெரியம்மா எங்க?" என்று பாப்பா கேட்கும்போதெல்லாம், மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். கல்லூரிக்குப் போகிற வயதில் மறுபடி கேட்டாள். நடந்ததைச் சொன்னேன், அக்கா கடைசியாகச் சொன்னதையும் சேர்த்து. அவள் அழுது ஓயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை.