தானாகத் திறந்த படங்கள்

மெமரி கார்டில் ஒட்டியிருந்த தூசியைச் சிறு தூரிகையால் துடைத்து, ஒருமுறை ஊதி, கார்டு ரீடரில் செருகின அந்தக் கைகள். உடனே கணினித் திரையில் படங்கள் தானாகத் திறந்துகொண்டன. புதுப்பெண் மஹ்ஜபீன் தலையில் துணியில்லாமல், கூந்தலை அவிழ்த்துவிட்டு, மருதாணிக் கைகளோடு வரிசை வரிசையாகச் சிரித்தாள்.

கைகள் பதறி, துப்பட்டாவை இழுத்துத் திரைமேல் போட்டன. கவுன்ட்டரில் நின்றிருந்த ஜீனத், மஹ்ஜபீனின் தாய், பார்த்துவிட்டார். பக்கத்திலேயே, பாஸ்போர்ட் போட்டோவுக்காக ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த ஆண் ஒருவர்.

"கார்டைக் குடும்மா. ஆல்பமும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றார் ஜீனத்.

"நான் எதையும் பாக்கலீங்க. கண்ணாடி பையிலதான் இருக்கு" என்றார் ஸ்ரீரங்கத்துக்காரர்.

"பாக்காதவருக்கு எதைப் பாக்கலைன்னு எப்படிங்க தெரியும்?"

கைகளுக்குரியவர் வஹீதா. பாலக்கரையில் அண்ணன் ஆசாத்தின் ஸ்டூடியோவில் வேலை. யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றார். நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பக்கம் படமெடுப்பவர் அவர்தான். படமெடுத்த கார்டு பெண் வீட்டிலேயே தங்கிவிடும். ஆல்பம் போடும் நாளில் பெண்ணின் தாய் கொண்டுவருவார். ஆண் கண்ணில் படாது என்ற அந்த வாக்கை நம்பித்தான் அவரைக் கூப்பிட்டார்கள். ஜீனத் இப்படியே இறங்கிப் போனால் இனி யார் கூப்பிடுவார்கள்?

"நேத்து கம்ப்யூட்டரைச் சரிபண்ணினப்ப தானாத் திறக்கிற செட்டிங் திரும்ப வந்திருக்கு" என்றார் உள்ளிருந்து வந்த ஆசாத். "நல்லதுதானே? கஸ்டமருங்க பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல வராங்க. சொருகினதும் திறந்தா வேலை முடியும்."

"எதிர்ல யார் நிக்கறாங்கன்னு அதுக்குத் தெரியுமாண்ணே?"

"ரெண்டு செகண்டு வஹீதா."

"அண்ணி படமா இருந்தாலும் ரெண்டு செகண்டுதானா?"

ஆசாத் ஸ்ரீரங்கத்துக்காரரை டீ குடிக்க அழைத்துப் போனார்.

வஹீதா மஹ்ஜபீனின் கார்டை உருவி ஜீனத்திடம் கொடுத்துவிட்டு, அந்த செட்டிங்கை அணைத்தார். நம்பிக்கை வரவில்லை. வேறொரு கார்டைச் செருகினார், உருவினார். பென் டிரைவைச் செருகினார், உருவினார். கணினியை அணைத்துப் போட்டு மறுபடியும் செருகினார். வாசலில் ஜீனத் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

"மாமி, உள்ள வாங்க. நீங்களே சொருகிப் பாருங்க."

ஜீனத் வந்தார். சுடுசட்டியைத் தொடுவதுபோல் கார்டை ரீடருக்குள் தள்ளிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். திரையில் ஒரு அசைவும் இல்லை.

"எங்கடி, ஒண்ணையும் காணோம்? அழிஞ்சுபோச்சா?"

"இருக்கு மாமி. நீங்க திறன்னு சொன்னாத்தான் திறப்பேன்."

ஜீனத் வாசலைப் பார்த்தார். போய் ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டு வந்தார். "ம், திற."

படங்கள் அச்சாகி வர வர, அவரே எடுத்துக் கவிழ்த்து அடுக்கினார். ஷட்டருக்கு வெளியே கால்கள் நின்றபோதெல்லாம் வஹீதாவின் விரல் மானிட்டர் பொத்தானுக்குப் போய்த் திரும்பியது. நிறம் வெளுத்து வந்த ஒரு படத்தை மட்டும் வஹீதா கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி அச்செடுத்தார்.

"துறையூர்ல தங்கச்சி மக நிக்காஹ் வருது" என்றார் ஜீனத், ஆல்பம் ஒட்டி முடியும்போது. "உன்னைக் கூப்பிடுறேன்னு சொல்லலை. யோசிக்கிறேன்."

"யோசிங்க மாமி."

வஹீதா கார்டை உருவி டப்பியில் போட்டார். ஆல்பத்தைத் துணியில் சுற்றி, டப்பியை அதன்மேல் வைத்து, இரண்டு கைகளாலும் ஜீனத்திடம் கொடுத்தார்.