சுருள் விளக்கு அணையும் வரை

வேன் ஆன்டியை நினைத்தால் முதலில் அந்த விளக்குதான் கண்முன் வருகிறது. வேகமுள்ளுக்குப் பக்கத்தில், கொசுவர்த்திச் சுருளைப் போல வளைந்த ஒரு சின்ன மஞ்சள் விளக்கு. சாவியைப் பாதி திருப்பியதும் எரியும். அது அணையும் வரை ஆன்டி வேனைக் கிளப்ப மாட்டார். அந்தச் சில வினாடிகளில் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்துப் பிள்ளைகளை எண்ணுவார். பதினொரு தலைகள். பதினோராவது என் மகள்.

அவள் ஒன்றாம் ஆண்டில் சேர்ந்தபோது முதல் வாரம் முழுக்க, மலேசியாவில் எங்கள் கிள்ளான் நகரின் காலை நெரிசலில், அந்தப் பள்ளி வேனுக்குப் பின்னாலேயே காரை ஓட்டிப் போனேன். வேலைக்குத் தினமும் தாமதம். ஐந்தாம் நாள் பள்ளி வாசலில் ஆன்டி என் கார்க் கண்ணாடியைத் தட்டினார். "தெனம் பின்னாடியே வரியேம்மா. பேசாம வேன்ல ஏறிக்கோ லா, முன் சீட்டு காலிதான்." வெட்கத்தை மறைக்க, வேன் பழசாயிற்றே, காலையில் கிளம்பத் தடுமாறுகிறதே என்றேன்.

"தடுமாறல, காத்திருக்கு. ஒன் கார் மாதிரி இதுக்குத் தீப்பொறி கெடையாது. காத்த நெருக்கி நெருக்கியே கொதிக்க வச்சிரும். அந்தச் சூட்டுல டீசல பீச்சினா தானா பத்திக்கும். காலைல இஞ்சின் ஜில்லுன்னு கெடக்கும்ல, அதுக்குத்தான் உள்ள ஒரு கம்பி சூடாவுது. லைட்டு அணைஞ்சா ரெடின்னு அர்த்தம்."

அவர் வீடு எங்கள் வரிசையில் ஆறு வீடு தள்ளி இருந்தது. தனி ஆளாக, அந்த ஒரு வேனை வைத்தே குடும்பத்தை நடத்தினார். சனிக்கிழமை காலைகளில் டீசல் வடிகட்டியின் அடியிலிருந்த திருகைத் தளர்த்தி, கொஞ்சத்தை ஒரு ஜாம் பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்ப்பார். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாக நிற்கும். அது பம்புக்குள் போனால் துருப்பிடித்துவிடும் என்பார். காற்று வடிகட்டியைத் தட்டித் தூசு போக்குவார். எண்ணெய் அளவைப் பார்ப்பார். பிறகு இஞ்சின் மூடியைச் சாத்திவிட்டுப் போய்விடுவார். திரும்பி வந்து பார்க்க மாட்டார். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்கும் எனக்கு, அந்த ஒரே முறை பார்ப்பது பெரிய விஷயமாகத் தெரிந்தது.

மகள் இரண்டாம் ஆண்டு படிக்கையில் ஆன்டிக்குக் கால் சுளுக்கியது. திங்கட்கிழமை அவர் தம்பி வேனை எடுப்பதாக ஏற்பாடு. சனிக்கிழமை நான் டாங்கியை நிரப்பி வைக்கிறேன் என்று நானாகச் சாவியைக் கேட்டு வாங்கினேன்.

பெட்ரோல் நிலையத்தில் நிரப்பி முடித்து, ஏறி உட்கார்ந்து, சாவியைப் பாதி திருப்பினேன். சுருள் விளக்கு எரிந்தது. ஆன்டியைப் போலவே காத்திருந்தேன். அவரைப் போலவே கண்ணாடியையும் பார்த்தேன். எண்ணுவதற்குப் பிள்ளைகள் இல்லை. பின்னால், நான் மாட்டிவிட்டு வந்த குழாயின் மஞ்சள் கைப்பிடிதான் தெரிந்தது. என் காருக்கு எப்போதும் எடுக்கும் பெட்ரோல் குழாய்.

விளக்கு அணைந்தது. என் கை சாவியிலேயே நின்றது. கொஞ்சம் கலந்தால் பரவாயில்லையோ? மேலே டீசலை ஊற்றிவிட்டால்? வேன் கெட்டால் திங்கட்கிழமை பதினொரு பிள்ளைகள், அதன் பிறகு ஆன்டியின் பிழைப்பு. யாருக்கும் தெரியாதே என்றும் ஒரு கணம் தோன்றியது. அதை எழுதாமல் விட்டால் இது பொய்யாகிவிடும். சாவியை உருவிவிட்டு ஆன்டியை அழைத்தேன்.

அழுகையினூடே நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். "ஸ்டார்ட் பண்ணியா?"

"இல்ல ஆன்டி."

"அப்ப ஒண்ணும் ஆகல. சாவியத் தொடாத. போய் ஒரு மைலோ குடி, நான் வரேன்."

டாக்சியில் வந்து நொண்டிக்கொண்டே இறங்கினார். அவர் வரவழைத்த மெக்கானிக் வேனை ஓரமாகத் தள்ளி டாங்கியைக் காலி செய்யும்போது, ஆன்டி எனக்கு நிதானமாக விளக்கினார்: பெட்ரோல் நெருக்கினால் டீசலைப் போலப் பற்றாது, அதைவிட மோசம், பம்புக்கு டீசல்தான் மசகு, பெட்ரோல் அதைக் கழுவி உலர்த்திவிடும், இரும்போடு இரும்பு உரசும். "கிளப்பியிருந்தா கதை முடிஞ்சிருக்கும். நீதான் லைட்டுக்குக் காத்திருந்தியே," என்றார்.

அடுத்த சனிக்கிழமை அவரே என் வீட்டு வாசலில் வந்து சாவியை நீட்டினார். வேண்டாம் ஆன்டி, வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று பின்வாங்கினேன்.

"வேற ஆளா? அவன் இனிமேதான் தப்புப் பண்ணணும். நீ பண்ணி முடிச்சிட்ட. போ லா."

ஆன்டி இப்போது ஜெஞ்சாரோமில் தன் மகள் வீட்டில் இருக்கிறார். வேனை விற்றுவிட்டார். என் இரு பிள்ளைகளையும் நானே பள்ளிக்குக் கூட்டிப் போகிறேன். இந்தக் காரில் பொத்தானை அழுத்தினால் போதும், உடனே கிளம்பிவிடும். ஆனாலும் அழுத்துமுன் கண்ணாடியைப் பார்த்து எண்ணுகிறேன். இரண்டே தலைகள்தான், மறுபடி எண்ணுவதில்லை.

"ஏம்மா இன்னும் கெளம்பல?" என்று நேற்றுச் சின்னவன் சிணுங்கினான்.

"லைட்டு அணையட்டும்டா," என்றாள் மகள்.

அப்படியொரு விளக்கே இந்தக் காரில் கிடையாது.