ரொட்டி தட்டும் சத்தம்

என் மகள் குன்னூரில் டீச்சர். போன வாரம் பிள்ளைகளுக்கான கதைப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "அம்மா, இது உங்க கதைதாம்மா. சிலோன் தோட்டத்துல பஞ்சம் வந்தப்ப ஒரு குடும்பம் எப்படிப் பொழைச்சுதுன்னு எழுதியிருக்காங்க."

அட்டையில் பட்டினிப் பிள்ளைகள். கன்னமெல்லாம் பன் மாதிரி உப்பியிருந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன்; என் படிப்பு அவ்வளவுதான். கடைசிப் பக்கத்தில் அந்த வீட்டு அம்மா இருந்த ஒரே ரொட்டியைப் பிய்த்து லயத்துக்கே பங்கு வைக்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். பொய். விறகுக் கூடை மேல் எறிந்தேன்.

"அடுப்புல போட்டுறாதீங்கம்மா, ஸ்கூல் புக்கு."

லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். அங்கே எங்கள் லயத்தில் நடுச்சுவர் ஆள் உயரம்தான். அதற்கு மேலே தகரக் கூரை வரைக்கும் திறப்பு. பக்கத்து வீட்டில் தும்மினால் நம் வீட்டு விளக்கு ஆடும். எழுபதுகளில் அரிசியும் மாவும் கிடைக்காமல் போனபோது அந்தத் திறப்புதான் எங்களுக்கு எமன்.

ரொட்டிக்குச் சத்தம் உண்டு. மாவைக் கையில் தட்டினால் பட்பட்டென்று கேட்கும். கேட்டால், வீட்டில் மா இருப்பது தெரிந்துவிடும். அதனால் அம்மா ரொட்டியையே விட்டுவிட்டாள். கஞ்சியாகக் கரைத்து மரக் கரண்டியால் ஓசையில்லாமல் கிண்டுவாள். அப்பா மரவள்ளிக்கிழங்கு தேடிச் சிங்களக் கிராமங்களுக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை தாங்க வேண்டும். தம்பிக்குக் கால் வீங்கிவிட்டது. கஞ்சியை ஊட்டினால் துப்பினான். "ரொட்டி" என்று மட்டும் முனகினான்.

அடுத்த அறையில் மாரி அத்தை. உறவில்லை, ஆனாலும் அத்தை. அவள் மகள் பேச்சி என் சேக்காளி.

ஒரு மழை மதியம். தோட்டத்தில் வேலை கொடுக்காத நாள். லயமே சுருண்டு கிடந்தது. அம்மா மிச்ச மாவைப் பிசைந்தாள். தட்டவில்லை. கவிழ்த்த தட்டின் மேல் வைத்து விரலால் அழுத்தி அழுத்திப் பரப்பினாள். அப்படியும் தட்டு ஆடிச் சத்தம் போட்டது. "நீ இருமு" என்றாள் என்னிடம். நான் இருமிய இருமலுக்கு டாக்டரே பயந்திருப்பார். ஆனால் வாசத்துக்கு யார் இருமுவது?

சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சியின் குரல். "அம்மா, ரொட்டி வாசம்."

அம்மாவின் கை கல்லுக்கு மேலேயே நின்றுவிட்டது. பேச்சி வந்து வாசலில் நின்றால் என்ன செய்வது? இருந்தது ஒரு ரொட்டி.

"தொரை பங்களாவுல சுடுறாங்க. படுடி" என்றாள் மாரி அத்தை.

"பங்களா அந்தா தூரத்துல இருக்கு. வாசம் இங்க அடிக்குது."

"காத்து கொண்டாருது. வாய மூடிப் படு."

அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். வெந்ததும் பிய்த்துத் தம்பி வாயில் வைத்தாள். எனக்கும் கிடையாது. சுவருக்கு மேல் ஒரு துண்டும் போகவில்லை.

தம்பி பிழைத்தான். இப்போது ஊட்டியில் ஜீப் ஓட்டுகிறான்; அக்கா என்ற மரியாதை கிடையாது. பிறகு எங்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பியபோது பேச்சி எங்களோடு கப்பல் ஏறவில்லை. அங்கேயே தேயிலைக்கடியில் புதைத்துவிட்டு வந்தோம். ஒரு துண்டு ரொட்டியில் பிழைத்திருப்பாளா என்று என்னிடம் கேட்காதீர்கள். எங்கள் அம்மாவைக் குறை சொல்ல வயிறு நிறைந்த எவருக்கும் வாய் கிடையாது.

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் எங்களைக் குடிவைத்தபோது மாரி அத்தைக்கும் எங்கள் லைனிலேயே வீடு வாய்த்தது. அம்மாவும் அத்தையும் சேர்ந்து கொழுந்து பறித்தார்கள், சண்டை போட்டார்கள். அந்த மதியத்தை மட்டும் பேசியதே இல்லை. இங்கே ரேஷனில் மாவு கிடைத்தது. ஆனாலும் அம்மா சாகும்வரை ரொட்டியைத் தட்டவில்லை, அழுத்தியே பரப்பினாள்.

அம்மாவின் காரியம் முடிந்த மறுநாள் மாரி அத்தை எங்கள் அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள். யாரையும் கேட்காமல் மாவை எடுத்துப் பிசைந்தாள். லைன் முழுக்கக் கேட்கும்படி பட்பட்டென்று தட்டினாள்.

"இனிமே நீ இரும வேணாம் புள்ள" என்றாள்.

அத்தையும் போய்விட்டாள். அந்த லைனை இடித்துவிட்டு டூரிஸ்டுகளுக்குக் காட்டேஜ் கட்டியிருக்கிறார்கள். என் மகள் வீட்டில் சப்பாத்தி பாக்கெட்டில் வருகிறது. பிரித்துக் கல்லில் போடுகிறாள். சத்தமே இல்லை.