முதல் விரிப்பு

விழுப்புரம் ரயில்வே லயனுக்குப் பின்னால் எங்கள் தெருவில் செண்பகம் குடிவந்தபோது எனக்கு அவளைக் கட்டோடு பிடிக்கவில்லை. புருஷன் ரங்கூனில் அரிசி மில்லில் இருக்கிறானாம், இவள் இங்கே ஒற்றை அறை வாடகைக்கு எடுத்துத் தையல் மிஷினை வைத்துக்கொண்டு என்ன கூத்தடிக்கப்போகிறாள் என்று எல்லோரையும் போல நானும்தான் வாய்க்கு வந்ததைப் பேசினேன். என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் மண்ணாங்கட்டி என்றால் ஜங்ஷனில் தெரியாதவர் கிடையாது. அவர்தான் என்னை அதட்டினார்.

"உனுக்கு இன்னாடி வந்துச்சு? அது பாட்டுக்குத் தச்சிக்கினு கீது. குப்பம்மா, போய் ஒரு சொம்பு கேப்பைக் கூழு குடுத்துட்டு வா."

கூழைக் கொண்டுபோனவள் அன்று சாயங்காலம்தான் திரும்பினேன். அப்படி ஒரு பேச்சு அவளுக்கு.

கல்யாணமான புதிதில் ஒரு ரயில்வே துரையின் பங்களாவில் ஆயா வேலை பார்த்தவள் அவள். துரைசாணி ஒரு அறையை எப்படி வைத்திருக்கிறாள், திரைச்சீலையை எந்த உயரத்தில் தொங்கவிடுகிறாள், நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பிப் போடுகிறாள் என்பதையெல்லாம் கண்ணாலேயே படித்துக்கொண்டாள். பிறகு தானே அந்த வேலையில் இறங்கினாள். முப்பத்தாறிலோ முப்பத்தேழிலோ ஒரு நெல் மண்டிக்காரர் வீட்டில் பெண்ணுக்குச் சாந்தி முகூர்த்த அறை ஜோடித்தாள். அதுதான் முதல் வேலை. உள்கட்டுக்குள் ஆண்பிள்ளை ஜோடனைக்காரன் வரமுடியாது அல்லவா? அங்கேதான் அவளுக்கு வழி பிறந்தது. அந்த மண்டிக்காரர் மகளுக்கு வருஷம் திரும்புவதற்குள் ஆண் குழந்தை பிறந்ததும், "செண்பகம் கை ராசியான கை" என்று ஊர் முழுக்கப் பேச்சு.

அவள் வேலை செய்வதைப் பார்க்கவேண்டும். அறைக்குள் போனதும் எதையும் தொடமாட்டாள். நடுத்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெயில் எங்கே விழுகிறது, காற்று எங்கே நுழைகிறது என்று பார்த்துக்கொண்டேயிருப்பாள். வீட்டுக்காரர்களுக்குப் பொறுமை போய்விடும். அப்புறம் எழுந்து, "அந்த மல்லாட்டை மூட்டையெல்லாம் ஜல்தி வெளியில தூக்குங்க. படுக்கிற எடமா, மண்டியா?" என்று ஆரம்பிப்பாள். சீட்டித் துணியில் திரை, கட்டிலுக்கு மேல் சுருக்கு வைத்த மேற்கட்டி, ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி. நிலைக்கண்ணாடியைக் கதவுக்கு எதிரில் வைக்கவிடமாட்டாள். "புதுசா வர்ற பொண்ணு உள்ள நுழைஞ்சதும் தன் மூஞ்சியப் பார்த்தே பயந்துக்கும்" என்பாள். கோட்டக்குப்பத்து மஹபூப் பீவி வீட்டிலிருந்தும் வண்டி அனுப்பிக் கூப்பிட்டார்கள். திண்டிவனம் வக்கீல்கள் வீடுகளில் கூடத்துக்கு நாற்காலி போடுவதுகூட இவளைக் கேட்டுத்தான்.

ஆனால் எல்லாவற்றுக்கும் ஆணிவேர் கல்யாண அறைதான். அதில் ஒரு வழக்கம் உண்டு. ஜோடித்து முடித்தபிறகு கட்டிலில் முதல் விரிப்பை ஒரு சுமங்கலி விரித்துப் பூத்தூவவேண்டும். ராசிக்காரி செண்பகமே இருக்கும்போது வேறு யாரைத் தேடுவார்கள்? விரிப்பது அவள்தான் என்று ஆகிவிட்டது.

அவள் அறையை மட்டும் கேட்காதீர்கள். ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி, அந்த மிஷின். ஜன்னலுக்குக் கந்தல் துணிகூடக் கிடையாது. "ஊருக்கெல்லாம் திரை போடுறியே, உனுக்கு ஒண்ணு போட்டுக்கக்கூடாதா?" என்று கேட்டால், "யாரு வந்து பாக்கப்போறாங்கக்கா? அவர் வரட்டும், போட்டுக்கலாம்" என்பாள்.

அவர் வரவில்லை. ஜப்பான்காரன் ரங்கூன்மேல் குண்டு போட்ட பிறகு பர்மாவிலிருந்து ஜனங்கள் நடந்தே வந்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் மத்தியானம் எலும்பும் தோலுமாக ஒருவன் அவள் வாசலில் வந்து நின்றான். அனந்தபுரத்துக்காரன், பெயர் விருத்தாசலம் என்றான். நானும் அங்கேதான் உட்கார்ந்து அவளுக்காகத் திரை ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் நடந்துக்கினு வந்தோம்மா. மலைப் பாதையில அவருக்கு வாந்திபேதி. ரெண்டு நாள்கூடத் தாங்கல. நானே குழி தோண்டினேன்."

நான் மாரில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கினேன். செண்பகம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இரும்புப் பிடி.

"இத யாருக்கெல்லாம் சொன்னீங்க?"

"உங்களுக்குத்தாம்மா மொதல்ல."

"வேற யாருக்கும் சொல்லாதீங்க. உக்காருங்க, சாப்பிட்டுப் போங்க."

அவனுக்குச் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, மோர் ஊற்றி, அவன் கை கழுவும் வரைக்கும் பக்கத்தில் நின்றாள். அவன் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "தாலிய எறக்கினா, திருவாமாத்தூர்ல இருந்து அவரு அண்ணன், என் மூத்தார், வண்டி கட்டிக்கினு வந்துடுவாரு. அவங்க ஊட்டு அடுப்படியிலயே நான் கெடந்து சாகணும். இந்தக் கைய எவ தன் ஊட்டுக் கட்டில் மேல வைக்கவிடுவா? சொல்லுக்கா."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. பாவி, அழக்கூட இல்லை. அழுதால் தெருவுக்குக் கேட்கும். சாயங்காலம் வழக்கமான பூக்காரி வந்தபோது வழக்கம்போல ஒரு முழம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை, வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

அடுத்த வாரமே திண்டிவனத்தில் வக்கீல் சுப்பராயலு வீட்டில் மூத்த மகள் கல்யாணம். என்னையும் துணைக்கு அழைத்துப்போனாள். அறை முடிந்தது. தேர் மாதிரி இருந்தது கட்டில். வக்கீல் சம்சாரம் சரிகைக்கரை விரிப்பை நீட்டி, "விரி செண்பகம், உன் கையால எங்க பொண்ணு தீர்க்காயுசா இருக்கட்டும்" என்றாள்.

"ஒரு ஆணி பாக்கி இருக்கு, அடிச்சிட்டு வர்றேங்க" என்று மேற்கட்டிப் பக்கம் திரும்பினாள். சுத்தியலை ஓங்கினாள். ஆணியில் விழவேண்டிய அடி கட்டைவிரலில் விழுந்தது. நகம் பிளந்து ரத்தம் கொட்டியது.

"ஐயையோ, ரத்தக் கையோட எதையும் தொடாதே! குப்பம்மா, நீ விரிம்மா" என்று பதறினாள் அந்த அம்மாள். நான் விரித்தேன். பூத்தூவினேன். செண்பகம் அறைக்கு வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரயிலில் திரும்பும்போது கோபத்தில் கேட்டேன், "பைத்தியமாடி உனுக்கு? தூரம்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"தூரம்னா ஊட்டுக்குள்ளயே இருக்கவிடமாட்டாங்கக்கா. அறை பூராவும் தண்ணி தெளிச்சிக் கழுவுவாங்க."

"விரிச்சாத்தான் இன்னா? யாருக்குத் தெரியும்?"

"எனுக்குத் தெரியுமே. நான் இத நம்புறேனோ இல்லியோ, நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் எங்க போய் முட்டிக்கிறது?"

அன்றிலிருந்து விரிப்பது என் வேலையாயிற்று. கைவலி, தோள்வலி என்று ஆரம்பத்தில் சாக்குச் சொன்னாள். பிறகு, "குப்பக்கா கை என் கையவிட ராசி" என்று அவளே பரப்பிவிட்டாள். யுத்தக் காலத்தில் துணி கிடைக்காமல் போனபோதும் பழைய பட்டுப் புடவைகளைப் பிரித்துத் திரை தைத்துத் தொழிலை விடாமல் நடத்தினாள். ஊரில் அவளுக்கு மரியாதை கூடியது. அவள்தான் வரவர யாரோடும் பேசுவதை விட்டுவிட்டாள். ஜோடித்த அறையை விட்டு வெளியே வந்தால் அடுத்த அறைக்குள் போகும் வரைக்கும் வாயில் பேச்சே இராது. பண்டிகை நாட்களில் நான் கூப்பிட்டாலும் வரமாட்டாள். "உங்க ஊட்டுக்காரர் இருக்காரு, பிள்ளைங்க இருக்காங்க. நான் எதுக்குக்கா?" என்பாள். அந்த வெற்று ஜன்னலுக்குப் பக்கத்தில் தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருப்பாள்.

நாற்பத்தாறில் விஷக்காய்ச்சல் வந்து என் வீட்டுக்காரர் போய்ச்சேர்ந்தார். எழவு வீட்டில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்போமே, அதில் செண்பகம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதது இருக்கிறதே! தொண்டை கிழிந்தது. தரையில் முட்டிக்கொண்டாள். "பக்கத்து ஊட்டு ஆம்பளைக்கு இப்படி ஒரு அழுகையா?" என்று இரண்டு பேர் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். அவள் யாருக்கு அழுகிறாள் என்று எனக்குத்தானே தெரியும். நான் அவளை விடவேயில்லை, இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கருமாதிக்கு முந்தின நாள் வக்கீல் வீட்டிலிருந்து ஆள் வந்தான். இரண்டாவது மகளுக்குக் கல்யாணம். குப்பம்மாள் இனி வரக்கூடாது, செண்பகமே தன் கையால் விரிக்கட்டும் என்று வக்கீல் சம்சாரம் சொல்லியனுப்பியிருந்தாள். செண்பகம், "நாளைக்குச் சொல்றேன்" என்று அவனை அனுப்பிவிட்டாள். விரித்தால் பிழைப்பு நிலைக்கும். விரிக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். என் கதியே எனக்குப் பெரிதாக இருந்த நேரம், அவளுக்கு நான் என்ன வழி சொல்ல?

மறுநாள் விடியற்காலை ஏரிக்கரையில் என்னை உட்காரவைத்தார்கள். தாலி இறக்குவதை விதவைகள்தான் செய்வார்கள். சுமங்கலிகள் அதைப் பார்க்கக்கூடாது. என் வீட்டுக்காரரின் அத்தை கோவிந்தம்மாள் எல்லோரையும் விரட்டினாள். "சுமங்கலிங்கெல்லாம் தள்ளிப் போங்கடி. செண்பகம், உன்னத்தான், போ!"

எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். செண்பகம் போகவில்லை. என் பக்கத்தில் வந்து மண்ணில் உட்கார்ந்தாள்.

"நானும் இருக்கேன் அத்தை. என் ஊட்டுக்காரர் பர்மாவுல இருந்து வர்ற வழியிலயே போய்ட்டாரு."

"எப்போடி?"

"நாலு வருஷமாச்சு."

"அடிப்பாவி! நாலு வருஷமாவா பூவும் பொட்டுமா திரிஞ்சே?"

"ஆமா அத்தை, திரிஞ்சேன்."

கரைக்கு மேலே போன பெண்கள் அத்தனைபேரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்று மத்தியானத்துக்குள் சேதி திண்டிவனம் வரைக்கும் போய்ச்சேர்ந்துவிடும். அது தெரிந்துதான் உட்கார்ந்திருந்தாள். கோவிந்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, கையை என் கழுத்துக்குக் கொண்டுவந்தாள். நான் அந்தக் கையைத் தள்ளிவிட்டேன்.

"மொதல்ல அவளுக்கு அத்தை. அவ ஊட்டுக்காரர்தான் முந்திப் போனாரு."

செண்பகம் தலையைக் குனிந்து கழுத்தைக் கொடுத்தாள். சரடு அறுபட்டதும், "துரைக்கண்ணு! என் துரைக்கண்ணு!" என்று ஏரிக்கரையே அதிரக் கூப்பிட்டாள். அவள் வாயிலிருந்து புருஷன் பெயரை நான் கேட்டது அன்றைக்குத்தான்.