ஓசிச் சர்வர்

நெய்யாற்றின்கரையில் நான் முதலில் வேலை பார்த்த நிறுவனம் கடைகளுக்கு சர்வர் அமைத்துக் கொடுத்தது. முதலாளி விண்டோஸ் மட்டும்தான் விற்பார். ஒருநாள் அவரோடு பாறசாலையில் ஒரு துணிக்கடைக்குப் போயிருந்தேன். ஓணத்துக்கு முன் புதிய பில்லிங் கவுண்டர்கள் திறக்க நினைத்த கடைக்காரர், ஒவ்வொன்றுக்கும் தனி லைசென்ஸ் வேண்டும் என்றதும் முகம் சுளித்தார். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டால் அந்தச் செலவு இல்லை என்று நான் சொல்லிவிட்டேன்.

முதலாளி சிரித்தார். "அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குள்ள சாமானாக்கும், அண்ணாச்சி. இவளுக்க அப்பன் பூவாறுல படகு ஓட்டுறவன். ஓசியில கிடைச்சா இவளுக்கு அதுதான் பெருசு."

கடையே சிரித்தது. என் அப்பா கையெழுத்துப் போடப் பழகியதே என் பள்ளி மதிப்பெண் அட்டைக்காகத்தான். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். மறுநாள் வேலையை விட்டேன். அந்தக் கடையை அவரிடமிருந்து பிடுங்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

பாறசாலையில் ஒரு பேக்கரிக்கு மேலே அறை எடுத்துத் தனியாகத் தொழில் தொடங்கினேன். முதலில் அந்தத் துணிக்கடைக்குத்தான் போனேன்.

"ஒரே ஒரு கவுண்டர் தாங்க அண்ணாச்சி. கொள்ளாங்கில் எடுங்க, இல்லேங்கில் நான் கழற்றிட்டுப் போறேன்."

"பிள்ளேளுக்குத் தெரியாத சாமான வச்சு ஓணக் கூட்டத்துல என்னை நாறடிச்சிராத மக்கா."

அரைமனதாக ஒரு கவுண்டரைக் கொடுத்தார். நான் லினக்ஸ் போட்டு முடித்ததும், அங்கே உட்கார்ந்த பெண் திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "அண்ணாச்சி, இது நாங்க பள்ளிக்கூடத்துல படிச்சதாக்கும்!"

"நான் இதுல படம் வரைஞ்சு பிரைஸ் வாங்கினவளாக்கும்" என்றாள் பக்கத்துக் கவுண்டர்க்காரி.

கேரளத்துப் பள்ளிகளில் கணினிப் பாடம் நடப்பது லினக்ஸில்தான். கடையிலிருந்த பெண்கள் எல்லோரும் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். என்னைத் தாழ்த்த முதலாளி சொன்னதே எனக்கு விற்றுக் கொடுத்தது. சர்வரும் கவுண்டர்களும் மாறின. கணக்குப் பார்ப்பவருக்காக ஒரு கணினியில் விண்டோஸ் அப்படியே இருந்தது. அதை எடுக்கச் சொல்லி நான் அடம்பிடிக்கவில்லை. எனக்குப் பகை விண்டோஸோடு இல்லை.

அடுத்து காஞ்சிரங்குளத்தில் முதலாளியின் வாடிக்கையாளரான ஒரு ஹார்டுவேர் கடை. பிறகு பூவாறு ரிசார்ட். அவர் பெருமையாகச் சொல்லும் பெயர்களாகப் பார்த்துப் பார்த்து எடுத்தேன்.

போன மாதம் அவரே என் அறைக்கு வந்தார். வேலை இல்லாவிட்டாலும் கொஞ்சம் காக்க வைத்து, பிறகு பால் இல்லாத கட்டன்சாயா வரவழைத்தேன்.

"மோளே, நெய்யாற்றின்கரையில உள்ள சூப்பர் மார்க்கெட்டுக்காரன் லினக்ஸ்தான் வேணும்னு சொல்லுகான். எனக்க பையன்மாருக்கு அது வசமில்ல. நீ வந்து செய்து தா. வேலை என் கம்பெனிக்க பேருல இருக்கட்டும்."

"செய்யலாம். வீட்டுல அப்பா உண்டு. அன்னைக்குச் சொன்னதுக்கு அவருகிட்ட வந்து ஒரு வாக்கு மன்னிப்புக் கேளுங்க."

"அதெல்லாம் பழைய காரியமில்லா?"

"எனக்குப் பழசாகல்ல."

அவர் கிளாஸைத் தள்ளி வைத்தார்.

"குடியுங்க சாரே," என்றேன். "ஓசிதான்."

குடிக்காமல் எழுந்து போனார். அவர் படி இறங்கி முடிப்பதற்குள் அந்த சூப்பர் மார்க்கெட்டுக்கு என் பெயரில் கொட்டேஷன் எழுதத் தொடங்கியிருந்தேன்.