கஞ்சி போட்ட பாரிஸ்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. கண்ணாடி கிடைக்காது, ஆணி கிடைக்காது. அபாயச் சங்கு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். பாதிக்கு மேல் ஒத்திகை. அது என் கால்களுக்கு மட்டும் ஒருநாளும் விளங்கியதில்லை.

ஒரு கப்பல் அதிகாரி பழைய பிரெஞ்சுப் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். போன நூற்றாண்டில் கல்லில் வரைந்து தாளில் அச்சடித்தது. பாரிஸ் தெருவில் மழை. குடை மறுபக்கம் மடங்கிய தடியர் ஒருவர் வாயைப் பிளந்தபடி ஓடுகிறார். மேல்மாடி யன்னலில் சிலர் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். தகப்பனாரின் நினைவாகத் தன்னிடம் இருப்பது இது ஒன்றுதான், நாளைக் காலை கப்பல் வெளிக்கிடுகிறது, கவனம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை தாண்டவில்லை, சங்கு ஊதியது. படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வளவில் வெட்டியிருந்த பதுங்குகுழிக்குள் பாய்ந்தேன். உள்ளே இடுப்பளவு மழைத்தண்ணீர்.

"என்னப்பா, ஒத்திகைக்கே இப்பிடிப் பாய்ஞ்சா, உண்மையா குண்டு போட்டா எங்க பாய்வீங்கள்? கடலுக்கையோ?" என்றாள் மனைவி, கையில் அகப்பையோடு குசினி வாசலில் நின்று.

கண்ணை மூடிக்கொண்டே படத்தைத் தூக்கினேன். ஒரு கோடுகூடக் கரையவில்லை. கல்லச்சு மையில் கொழுப்பு உண்டு, தண்ணீர் ஒட்டாது. தாள்தான் இடுப்பில் கட்டும் பழைய சாரம் மாதிரித் துவண்டு கிடந்தது.

"கஞ்சி போட்டு மினுக்குங்கோவன். உங்கட சட்டையே நிமிருது."

ஏலாது என்று சொல்லும் புத்தி அப்போது என்னிடம் இல்லை. வடிகஞ்சியில் தோய்த்தேன், உலர்த்தினேன், மேலே துணி விரித்து இஸ்திரிப்பெட்டியை ஓடவிட்டேன். படம் மாப்பிள்ளையின் சட்டைக் கொலர் மாதிரி விறைத்து நின்றது. பெருமையோடு மேசையில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

விடிய வந்து பார்த்தால், கரப்பான் பூச்சிகள் கஞ்சி குடித்துவிட்டுப் போயிருந்தன. இந்த ஊரில் ஒத்திகை இல்லாமல் வேலையை முடிப்பவை அவை மட்டும்தான். தடியர் தப்பிவிட்டார். மேல்மாடி யன்னலும் சிரித்த முகங்களும் இருந்த இடத்தில் பெரிய ஓட்டை. பின்னால் வெள்ளைத் தாளை ஒட்டிச் சட்டம் போட்டு முடிக்கவும் அதிகாரி வரவும் சரியாக இருந்தது.

படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"மேலே நின்று சிரித்தவர்கள் எங்கே?" என்று இங்கிலீசில் கேட்டார்.

"சங்கு ஊதியது, சேர். பதுங்குகுழிக்குப் போய்விட்டார்கள்" என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலீசில்.

அவர் சிரிக்கவில்லை. அந்த வெள்ளை இடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடியபடி இறங்குதுறைப் பக்கம் நடந்தார்.

குசினிக்குள் இருந்துதான் சிரிப்புக் கேட்டது. நான் வாயைப் பிளந்தபடி வாசலில் நின்றேன்.