ஒன்றை இரண்டு தடவை அழுத்தினால்

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு டயர் கடையின் மாடியில் எங்கள் கம்பெனி இருக்கிறது. வயல் மோட்டாரை போன் வழியாக இயக்கும் பெட்டி செய்கிறோம். பெட்டியில் இருக்கும் சிம்முக்கு போன் போட்டு ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும், பூஜ்ஜியத்தை அழுத்தினால் நிற்கும். உள்ளே இருக்கும் நிரல் என் கைவண்ணம்.

முதலாளி வாங்கித் தந்த சிப்பில் ஒரு கடிதம் எழுதக்கூட இடம் போதாது. அதனால் மோட்டார், வால்வு, விளக்கு எல்லாவற்றின் நிலையையும் எட்டு பிட் கொண்ட ஒரே எண்ணுக்குள் அடைத்தேன். ஒவ்வொரு பிட்டும் ஒரு சுவிட்ச். ஒன்று என்றால் ஓடுகிறது, பூஜ்ஜியம் என்றால் நிற்கிறது. குறியில்லாத எண் என்பார்கள். அதற்குப் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகத் தெரியாது. என் மானத்துக்கு அது தெரியும் என்பது பின்னால்தான் புரிந்தது.

பிட்டை ஒன்றாக்க ஒரு ஃபங்ஷன், அதாவது தனிக் கட்டளைத் தொகுப்பு, பூஜ்ஜியமாக்க இன்னொரு ஃபங்ஷன் என்று எழுதுவதுதான் முறை. முறைப்படி எழுத நான் என்ன சாதாரண ஆளா? இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு, இருப்பதைப் புரட்டிவிடும் ஒரே வரியை எழுதினேன். எதை அழுத்தினாலும் நிற்பது ஓடும், ஓடுவது நிற்கும். சின்னதாக முடித்துவிட்டாயே என்று பாராட்டி முதலாளி டீ சொன்னார். நானும் வெட்கமில்லாமல் குடித்தேன்.

முதல் பெட்டிகளில் ஒன்றை அக்காவுக்கே கொடுத்தேன். கண்டமங்கலத்தில் அவளுக்கு ஒரு ஏக்கர் நிலக்கடலை. மாமா லாரியில் போனால் வாரக் கணக்கில் வரமாட்டார். அவளோ காலை பஸ்ஸில் புதுச்சேரி துணிக் கம்பெனிக்குப் போகிறவள். மோட்டாருக்கான மின்சாரம் வருவது பத்து மணிக்கு மேல். போன வருடம், பூ உதிர்ந்து காய் பிடிப்பதற்காக விழுது மண்ணில் இறங்கும் நேரம் பார்த்து மழை ஏமாற்றிவிட்டது. அந்த ஒரு ஏக்கருக்கு அப்போது என் பெட்டிதான் கதி.

எங்கள் பக்கத்தில் யாரும் எதையும் ஒரு தடவையோடு விடுவதில்லை. பூட்டைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்போம், கேஸை மூடிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வருவோம். அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே ஒன்றை அழுத்துவாள். கொஞ்ச நேரம் கழித்து, எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி போன் போட்டு ஒன்றை அழுத்துவாள். இப்போது எழுதும்போது எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். அன்றைக்கு இந்த மேதைக்கு உறைக்கவில்லை.

மாலையில் வந்து பார்த்தால் நிலம் காய்ந்து கிடக்கும். முதல் தடவை கேட்டபோது சிக்னல் இருந்திருக்காது என்றேன். அடுத்த தடவை வோல்டேஜ் குறைவு என்றேன். மூன்றாம் தடவை, உனக்குச் சரியாக அழுத்தத் தெரியவில்லை என்றேன். படித்தவள் சொல்கிறாள் என்று அதையும் நம்பினாள். அதன்பிறகு இன்னும் அக்கறையாக, இரண்டு தடவையும் நன்றாக அழுத்தியிருக்கிறாள்.

கடைசியில் ஒருநாள் லீவு போட்டுவிட்டு எனக்கு போன் செய்தாள்.

"மோட்டார் கொட்டாய்லதான் நின்னுக்கினு இருக்கேன்டி. ஒன்ன ஒருவாட்டி அமுக்குனா ஓடுது, இன்னொருவாட்டி அமுக்குனா நிக்குது. மூணாவது வாட்டி மறுபடி ஓடுது. இப்டிதான் எழுதி வச்சிருக்கியா?"

பத்தாவதோடு நின்றவள், என் நிரலில் ஒரு வரியைக்கூடப் பார்க்காமல் விரல்விட்டு எண்ணியே பிழையைப் பிடித்துவிட்டாள். ஆமாம் என்று ஒப்புக்கொள்ளாமல், பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

பத்து நிமிட வேலை. தூக்கிப் போட்ட இரண்டு ஃபங்ஷன்களையும் எழுதி, விழுப்புரத்தில் பஸ் மாறிப் போய்ப் பெட்டியில் ஏற்றினேன். அவள் கண்ணெதிரே போன் போட்டு, ஒன்றை ஏழெட்டுத் தடவை அழுத்தினேன். மோட்டார் நிற்கவே இல்லை. எவ்வளவு பெரிய சாதனை என்று பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன்.

அக்கா வரப்போரம் ஒரு கடலைச் செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். விழுதுகள் மண்ணுக்குள் போகாமலே கருகியிருந்தன. அதை என் கையில் கொடுத்தாள்.

"மோட்டாரு ஓடுதுடி. இதுக்கு எத்தினி வாட்டி அமுக்கணும்?"

மோட்டார் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.